ஆரியர், மேல்மனிதன், ஆளும் இனம்: ஜெர்மன் இனவெறிச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

1933 ஏப்ரல் 7-ஆம் தேதி, ஹிட்லர் பதவிக்கு வந்து பத்து வாரம்கூட ஆகாத நிலையில், ஜெர்மனியில் அரசு ஊழியர்களுக்கென்று ஒரு சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆரிய வம்சாவளியில் வராத ஊழியர்களை ஓய்வில் அனுப்ப வேண்டும் என்றது அதன் மூன்றாம் பிரிவு. யார் ஆரியர் அல்லாதவர்? நான்கு நாள் கழித்து வந்த விதிமுறை அதற்குப் பதில் சொன்னது: தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும்.

அன்று முதல் ஜெர்மனி முழுவதும் பள்ளி ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் மருத்துவர்களும் தங்கள் பாட்டனார் ஞானஸ்நானம் பெற்ற ஊர் எது என்று தேட ஆரம்பித்தார்கள். ஊர் ஊராகப் பாதிரியார்களுக்குக் கடிதம் போனது. பழைய சர்ச் பதிவேடுகளிலிருந்து நகல் எடுத்துத் தருவதே பல பங்குக் குருமார்களுக்கு முழுநேர வேலையானது. ‘ஆனன்பாஸ்’ என்ற முன்னோர் கையேடு கடைகளில் விற்பனைக்கு வந்தது. பார்க்க பாஸ்போர்ட் மாதிரி இருக்கும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, பூட்டன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். பிறந்த தேதி, மதம், திருமணம். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் பாதிரியாரோ பதிவாளரோ முத்திரை குத்த இடம். நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையில் சேர விரும்பியவர் 1800 வரையும், அதில் அதிகாரியாக விரும்பியவர் 1750 வரையும் முன்னோரைக் காட்ட வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அந்தப் படிவத்தின் உயிர்நாடியாக இருந்த ‘ஆரியர்’ என்ற சொல் ஓர் இனத்தின் பெயரே அல்ல. அது மொழிநூலார் ஒரு மொழிக்குடும்பத்துக்கு வைத்த பெயர். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மொழியியல் படித்த ஒவ்வொருவருக்கும் இது தெரியும். நாஜிகள் பயன்படுத்திய சொற்களில் பெரும்பாலானவை இப்படி வேறு எங்கோ, வேறு காரணத்துக்காக, பெரும்பாலும் மரியாதைக்குரிய அறிஞர்களின் மேசைகளில் பிறந்தவை. அவற்றை நாஜிகள் புதிதாக உண்டாக்கவில்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாகப் புழங்கியவற்றை எடுத்து அரசாங்கத்தின் முத்திரையைக் குத்தினார்கள். ஹிட்லர் என்ற ஒரு மனிதரின் பைத்தியக்காரத்தனமாக மட்டும் இதைப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே பலருக்கு உண்டு. இந்தச் சொற்களின் வரலாறு அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்காது.

முதலில் ஆரியரைப் பார்ப்போம். 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சொன்னார். இந்தக் கருத்து வேரூன்றி வளர்ந்தது ஜெர்மனியில்தான். ஃபிரீட்ரிஷ் ஷ்லேகல் 1808-இல் இந்தியரின் மொழியையும் ஞானத்தையும் பற்றி நூல் எழுதினார். ஃபிரான்ஸ் போப் 1816-இல் வினைச்சொற்களை ஒப்பிட்டு உறவை நிறுவினார். வேதத்திலும் பழைய ஈரானிய நூல்களிலும் மக்கள் தங்களைக் குறிக்கப் பயன்படுத்திய ‘ஆரிய’ என்ற சொல்லை ஷ்லேகல் 1819-இல் ஜெர்மனியரையும் சேர்த்துச் சொல்லும் பெயராக நீட்டினார். கௌரவம் என்ற பொருள் தரும் ‘ஏரெ’ என்ற ஜெர்மன் சொல்லோடு அதற்கு உறவு உண்டு என்பது அவர் ஊகம். அந்த ஊகம் தவறு. ஆனால், சொல்லின் மேல் பெருமை என்ற சாயம் அன்றே ஏறிவிட்டது.

அதே 1816-இல் சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று காட்டினார். 1856-இல் கால்டுவெல் அதை விரிவாக எழுதினார். ஆக, ஆரியம், திராவிடம் என்ற இரண்டு பெயர்களும் மொழி ஆராய்ச்சியில் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் உருவானவை. நம் ஊர் விவாதங்களிலும் மொழிக்குடும்பத்தை இரத்தமாக எடுத்துக்கொண்டு பேசுவது இன்றும் நடக்கிறது என்பதால், ஐரோப்பாவில் இந்தத் தடம் எப்படி மாறியது என்பது தமிழ் வாசகருக்கு வெறும் வெளிநாட்டுக் கதை அல்ல.

ஒரே குடும்ப மொழிகளைப் பேசுகிறவர்கள் ஒரே குடும்பத்து மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. செமிட்டிக் என்ற பெயரும் இதே பாதையில் வந்தது. விவிலியத்தில் நோவாவின் மகன் சேம் பெயரிலிருந்து ஷ்லோட்ஸர் 1781-இல் எபிரேயம், அரபு, அராமிக் முதலான மொழிகளுக்கு வைத்த பெயர் அது. பான் நகரில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த கிறிஸ்டியன் லாஸன் 1840-களில் எழுதத் தொடங்கிய பெருநூலில், இந்தோ-ஜெர்மானியருக்குச் சமநிலையான மனம் உண்டு, செமிட்டிக் மக்களுக்கு அது இல்லை என்று எழுதினார். இலக்கணத்தில் ஆரம்பித்தவர்கள் மனித குணத்தைத் தரம் பிரிப்பதில் வந்து நின்றார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மாக்ஸ் முல்லருக்கும் இதில் பங்கு உண்டு. இளமையில் ஆரிய இனம் என்று அவரும் தாராளமாக எழுதியவர்தான். வயதான பின் அந்தச் சொல் போகும் போக்கைப் பார்த்து அஞ்சினார். ஆரிய இனம், ஆரிய இரத்தம், ஆரியக் கண், ஆரியக் கூந்தல் என்று பேசும் இனவியலாளர், நீள்மண்டை அகராதி என்றோ குட்டைமண்டை இலக்கணம் என்றோ பேசும் மொழியியலாளர் செய்யும் அதே பாவத்தைச் செய்கிறார் என்று 1888-இல் எழுதினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஏனென்றால், பிரெஞ்சுப் பிரபுவான கோபினோ 1853-க்கும் 1855-க்கும் இடையில் மனித இனங்களின் ஏற்றத்தாழ்வு பற்றி நான்கு தொகுதிகள் எழுதி முடித்திருந்தார். நாகரிகம் அனைத்தும் ஆரிய இரத்தத்தின் விளைவு, கலப்பினால் அது அழிகிறது என்பது அவர் வாதம். பிரான்ஸில் அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. ஜெர்மனியில்தான் அவருக்கு மறுவாழ்வு கிடைத்தது. லுட்விக் ஷேமான் 1894-இல் கோபினோ சங்கம் தொடங்கி, நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இசைமேதை வாக்னரைச் சுற்றி பாய்ரைட் நகரில் கூடிய வட்டம் அதைக் கொண்டாடியது. அந்த வட்டத்துக்கு வந்து சேர்ந்த ஹூஸ்டன் ஸ்டூவர்ட் சேம்பர்லின் பிறப்பால் ஆங்கிலேயர், எழுதியது ஜெர்மனில். 1899-இல் வெளியான அவருடைய நூலை இரண்டாம் வில்ஹெல்ம் சக்கரவர்த்தி விழுந்து விழுந்து படித்தார். வாக்னரின் மகளை மணந்து பாய்ரைட்டில் குடியேறிய சேம்பர்லினை 1923-இல் ஹிட்லர் நேரில் சென்று பார்த்தார். கோபினோ ஒரு நம்பிக்கையற்ற மனிதர். எல்லாம் கலந்து கெட்டுப்போய்விட்டது, இனி மீட்சியில்லை என்பதே அவர் முடிவு. சேம்பர்லின் அதைத் தலைகீழாக்கினார். இனத்தை மீண்டும் உருவாக்க முடியும், தூய்மையாக்க முடியும் என்றார். ஆபத்தே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. புலம்பலாக இருந்த கருத்து செயல்திட்டமாக மாறியது.

இவற்றுக்கு எதிரான சான்று அப்போதே, அதுவும் ஜெர்மனியிலேயே இருந்தது. புகழ்பெற்ற மருத்துவ அறிஞர் ருடோல்ஃப் ஃபிர்ஷோ 1870-களில் ஜெர்மன் பள்ளிக் குழந்தைகளின் முடி, கண், தோல் நிறத்தைக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார். சுமார் 67 லட்சம் குழந்தைகள். ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியரே பிள்ளைகளைப் பார்த்துப் படிவத்தை நிரப்பினார். 1886-இல் முழு முடிவுகள் வந்தன. பொன்முடி, நீலக்கண், வெண்தோல் மூன்றும் சேர்ந்த தூய வகை என்று சொல்லப்பட்டது, யூதரல்லாத ஜெர்மன் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. யூதக் குழந்தைகளில் ஒன்பதில் ஒரு குழந்தை அப்படி இருந்தது. ஜெர்மனியர் என்றால் ஒரு தோற்றம், யூதர் என்றால் இன்னொரு தோற்றம் என்ற கதை எண்களாலேயே உடைந்தது. ஆனால், இந்தக் கணக்கெடுப்பு இன்னொன்றையும் செய்தது. வகுப்பறையில் யூதப் பிள்ளைகளைத் தனியாக எண்ணியது. அன்றுவரை பக்கத்துப் பெஞ்சில் இருந்தவனை வேறு வகையாகப் பார்க்க ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு அது கற்றுக்கொடுத்தது. ஃபிர்ஷோ இனவெறியை எதிர்த்தவர், யூத எதிர்ப்பு அரசியலோடு நேருக்கு நேர் மோதியவர். அவர் எண்ணம் அது அல்ல. இருந்தும் நடந்தது அதுதான்.

யூத எதிர்ப்பைக் குறிக்கும் ‘அன்டிசெமிட்டிஸ்முஸ்’ என்ற சொல் பரவியதும் இந்தக் காலத்தில்தான். 1879-இல் பெர்லினில் வில்ஹெல்ம் மார் என்ற பத்திரிகையாளர் அன்டிசெமிட்டர் சங்கம் என்ற பெயரில் அமைப்பு தொடங்கினார். யூதர்மீது வெறுப்பு ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுப் பழசு. அதற்குப் புதுப் பெயர் எதற்கு? 1871-இல் ஒன்றுபட்ட ஜெர்மனி யூதர்களுக்குச் சட்டப்படி சமவுரிமை கொடுத்திருந்தது. பலர் மதம் மாறியிருந்தார்கள், பலர் ஜெர்மானியப் பண்பாட்டில் ஊறியிருந்தார்கள். மத வெறுப்பில் ஒரு கதவு திறந்திருந்தது: ஞானஸ்நானம் பெற்றால் வெறுப்பு தணியக்கூடும். மொழிநூலிலிருந்து எடுத்த ‘செமிட்டிக்’ என்ற சொல்லை வைத்து வெறுப்புக்கு அறிவியல் பூச்சு கொடுத்தால் அந்தக் கதவும் அடைபடும். இரத்தத்தை யாரும் மாற்றிக்கொள்ள முடியாதே. அதே ஆண்டில் பெர்லின் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ட்ரைட்ஷ்கே, ‘யூதர்களே நம் துரதிருஷ்டம்’ என்று எழுதினார். தெருச்சண்டைக்காரர் சொன்னதைப் பேராசிரியர் சொன்னதும் அது கண்ணியமான கருத்தாகிவிட்டது. சக பேராசிரியர் மோம்சன் மறுநாளே அல்லாவிட்டாலும் மறு ஆண்டே கடுமையாக எதிர்த்தெழுதினார். ஆயினும் ட்ரைட்ஷ்கேயின் வாக்கியம்தான் பின்னாளில் நாஜிப் பத்திரிகையொன்றின் முதல் பக்கத்தில் நிரந்தரமாக இடம்பிடித்தது.

‘ஊபர்மென்ஷ்’, அதாவது மேல்மனிதன், பலரும் நினைப்பதுபோல இனவெறிச் சொல்லாகப் பிறந்தது அல்ல. கவிஞர் கெதே தன் ஃபவுஸ்ட் நாடகத்தில், அஞ்சி நடுங்கும் நாயகனை பூமியின் ஆவி ஏளனம் செய்யும் இடத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். தத்துவஞானி நீட்ஷே 1883-இல் அதை எடுத்து, பழைய மதிப்பீடுகளை விட்டுத் தன்னையே கடந்து செல்லும் மனிதனுக்கு வைத்தார். அதில் இனம் இல்லை. யூத எதிர்ப்பாளர்களை நீட்ஷே வெறுத்தார், கடிதங்களில் வெளிப்படையாகத் திட்டினார். தங்கை எலிசபெத், பராகுவேயில் தூய ஆரியக் குடியிருப்பு அமைக்கப் போன யூத எதிர்ப்பாளர் ஒருவரை மணந்தது அவரை வதைத்தது. 1889-இல் நீட்ஷே மனநிலை பிறழ்ந்தார். பராகுவே முயற்சி தோற்று நாடு திரும்பிய தங்கையின் கைக்கே அவருடைய கையெழுத்துப் பிரதிகள் போயின. நீட்ஷேவுக்குச் சேர வேண்டிய பழியும் கொஞ்சம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆண்டான் ஒழுக்கம், அடிமை ஒழுக்கம், பொன்னிற மிருகம் என்றெல்லாம் எழுதும்போது, அவற்றை யார் எப்படித் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பதில் அவர் அக்கறை காட்டவில்லை.

இதன் எதிர்ப்பதமான ‘உண்டர்மென்ஷ்’, கீழ்மனிதன், கொடிய பொருளோடு வந்து சேர்ந்தது அமெரிக்காவிலிருந்து. ஃபொன்டானே என்ற நாவலாசிரியர் 1898-இல் மேல்மனிதப் பேச்சைக் கிண்டல் செய்ய இதைக் கையாண்டார். ஆனால், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற லோத்ராப் ஸ்டாடர்ட் 1922-இல் எழுதிய நூல், நாகரிகத்தை அழிக்கத் துடிக்கும் கீழ்மனிதக் கூட்டம் என்று ஒன்றைச் சித்திரித்தது. ரஷ்யப் புரட்சியை அதன் அடையாளமாகக் காட்டியது. 1925-இல் அது ஜெர்மனில் வந்தபோது தலைப்பிலேயே உண்டர்மென்ஷ் இருந்தது. நாஜிகளின் தத்துவவாதி ரோசன்பெர்க் 1930-இல் தன் நூலில் இது ஸ்டாடர்டின் சொல் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டார். இன்னொரு அமெரிக்கர் மாடிசன் கிராண்ட், நார்டிக், அதாவது வட ஐரோப்பிய, இனம் அழிகிறது என்று 1916-இல் எழுதியதும் 1925-இல்தான் ஜெர்மனுக்குப் போனது. நார்டிக் என்ற பெயரை இனவகைப்பாட்டில் புகுத்தியவர்கூட ஜெர்மானியர் அல்ல, ரஷ்யாவில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த டெனிக்கர். ஜெர்மன் இனவெறிச் சொற்கோவையில் பிரெஞ்சு, ஆங்கில, அமெரிக்கப் பங்கு இவ்வளவு இருக்கிறது.

ஆனால், ‘ஹெர்ரன்ஃபோல்க்’, ஆளப் பிறந்த மக்கள் என்ற எண்ணம் வெறும் நூலகத்தில் வளர்ந்ததல்ல. அது காலனியில் பழகியது. இன்றைய நமீபியா அன்று ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா. 1904-இல் ஹெரேரோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது தளபதி லோதர் ஃபோன் ட்ரோதா அக்டோபர் 2-ஆம் தேதி ஓர் ஆணை வெளியிட்டார். ஜெர்மன் எல்லைக்குள் ஹெரேரோ எவரையும், துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுட்டுக் கொல்ல வேண்டும் என்றது அது. தப்பியவர்கள் தண்ணீரில்லாத பாலைவனத்துக்குத் துரத்தப்பட்டார்கள். ஹெரேரோக்களில் பெரும்பகுதியும் நாமா மக்களில் ஏறக்குறையப் பாதியும் அழிந்தார்கள். எஞ்சியவர்களை அடைத்த முகாம்களுக்கு அப்போதே ஜெர்மன் நிர்வாகம் கொடுத்த பெயர் ‘கான்சென்ட்ராட்ஸியோன்ஸ்லாகர்’. பிறகு டாஹா, புக்கன்வால்டு ஆகிய நாஜி வதைமுகாம்களுக்கு வைக்கப்பட்ட அதே பெயர்தான்.

சட்டமும் அங்கேதான் ஒத்திகை பார்க்கப்பட்டது. 1905-இல் அந்தக் காலனி நிர்வாகம் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையே திருமணங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. 1908-இல் ஆய்ஜன் ஃபிஷர் என்ற இளம் மருத்துவர் ரெஹோபோத் ஊருக்குப் போய் அங்குள்ள கலப்புக் குடும்பங்களின் மண்டையையும் முடியையும் அளந்தார். 1913-இல் அதை நூலாக்கினார். 1927-இல் பெர்லினில் மானுடவியலுக்கென்று தொடங்கிய கைசர் வில்ஹெல்ம் ஆய்வுநிலையத்தின் முதல் இயக்குநர் அவரே. 1937-இல், ரைன் பகுதியில் பிரெஞ்சுப் படையின் ஆப்பிரிக்க வீரர்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்த சுமார் 400 பிள்ளைகளுக்கு ரகசியமாகக் கருத்தடை செய்யப்பட்டபோது, அந்தப் பிள்ளைகளை ‘மதிப்பிட்டு’ அறிக்கை தந்தவர்களில் ஃபிஷரின் ஆய்வுநிலையத்தாரும் இருந்தார்கள். ரெஹோபோத்திலிருந்து பெர்லினுக்கு ஒரு மனிதரின் பணிவாழ்க்கை தூரம்தான்.

‘லேபன்ஸ்ரௌம்’, வாழ்விடம், உயிரியலிலிருந்து வந்தது. விலங்கியல் படித்துப் பிறகு புவியியலாளரான ஃபிரீட்ரிஷ் ராட்ஸல் 1901-இல் உயிரினங்கள் இடத்துக்காகப் போட்டியிடுவதைப் பற்றி இந்தத் தலைப்பில் கட்டுரை எழுதினார். ஹிட்லர் லாண்ட்ஸ்பெர்க் சிறையில் இருந்த 1924-இல், அவரோடு சிறையிலிருந்த ருடோல்ஃப் ஹெஸ்ஸைப் பார்க்க வந்துபோன பேராசிரியர் ஹவுஸ்ஹோஃபர் வழியாக அந்தக் கருத்து உள்ளே போனது. செடிகொடிகளைப் பற்றிய சொல் போலந்து, உக்ரைன் மக்களின் நிலத்தைப் பற்றிய சொல்லாயிற்று. இனத் தூய்மையைச் சுகாதாரப் பிரச்சினைபோல ஆக்கிய ‘இனச் சுகாதாரம்’ என்ற தொடரை 1895-இல் கொடுத்தவர் ஆல்ஃபிரட் ப்ளோட்ஸ் என்ற மருத்துவர். 1933 ஜூலையில் அது சட்டமாகி, சுமார் 4 லட்சம் பேர் கட்டாயக் கருத்தடைக்கு ஆளானார்கள்.

மீண்டும் ஆரியருக்கு வருவோம். ஆட்சிக்கு வந்த இரண்டு ஆண்டுக்குள் அந்தச் சொல் நாஜி அதிகாரிகளுக்கே தலைவலியானது. ஹங்கேரியரும் ஃபின்லாந்தினரும் பேசுவது ஆரியக் குடும்ப மொழி அல்ல. அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. இந்தியர்களில் பெரும்பாலோர் பேசுவது ஆரியக் குடும்ப மொழி. அவர்களைச் சமமாக ஏற்கவும் மனமில்லை. இந்தியர்களை இழித்துப் பேசும் நாஜிப் பேச்சுகளை எதிர்த்து சுபாஷ் சந்திர போஸ் 1936-இல் ஐரோப்பாவிலிருந்து கிளம்பும்முன் ஜெர்மன் அகாதெமியைச் சேர்ந்த தீயர்ஃபெல்டருக்குக் கடிதமே எழுதினார். 1935 செப்டம்பரில் வந்த நூரம்பர்க் சட்டங்களில் ஆரியர் என்ற சொல்லே இல்லை. ‘ஜெர்மன் இரத்தம் அல்லது அதற்கு உறவான இரத்தம்’ என்று மாற்றிவிட்டார்கள். அந்த இரத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நவம்பரில் வந்த விதி சொன்னது: தாத்தா பாட்டியில் மூன்று பேர் யூதராக இருந்தால் யூதர். அந்தத் தாத்தா யூதரா என்பதற்கு என்ன ஆதாரம்? அவர் யூத மதச் சமூகத்தில் உறுப்பினராக இருந்தது. அவ்வளவுதான். மண்டையோட்டு அளவுகோல், முடி நிற அட்டை, பல்கலைக்கழக இருக்கைகள் எல்லாம் வைத்திருந்த அரசுக்கு இனத்தைக் காட்டும் ஒரே ஓர் உடல் அடையாளம்கூடக் கிடைக்கவில்லை. மதத்தைத் தாண்டிய இரத்தம் என்று அரைநூற்றாண்டு பேசிவிட்டு, கடைசியில் மதப் பதிவேட்டையே புரட்டினார்கள். அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் லட்சக்கணக்கானோரை ரயிலேற்றினார்கள்.

ஜிப்ஸிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா, சிந்தி மக்களின் கதை இதைவிடக் கொடியது. அவர்கள் பேசும் ரோமானி மொழி இந்தியாவிலிருந்து போன இந்தோ-ஆரிய மொழி என்று 1780-களிலேயே ஜெர்மன் அறிஞர்கள் எழுதியிருந்தார்கள். ஆரியர் என்ற சொல்லுக்கு அதன் சொந்தப் பொருளைக் கொடுத்திருந்தால் ஜெர்மனியில் அதற்கு அவர்களை விட உரிமையுள்ளவர் இல்லை. ஆனால் 1936-இல் ஸ்டுக்கார்ட், குளோப்கே இருவரும் நூரம்பர்க் சட்டங்களுக்கு எழுதிய விளக்கவுரை, ஐரோப்பாவில் அந்நிய இரத்தம் என்றால் பொதுவாக யூதரும் ஜிப்ஸிகளும் என்றது. மூலத்தில் ஆரியராக இருந்தாலும் கலந்து கெட்டுவிட்டார்கள் என்று ராபர்ட் ரிட்டர் என்ற மருத்துவர் ‘ஆய்வு’ செய்து சொன்னார். 1942 டிசம்பரில் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் அவர்களை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்ப உத்தரவிட்டார். கொல்லப்பட்ட ரோமா, சிந்தி மக்கள் இரண்டரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. அந்த விளக்கவுரை எழுதிய ஹான்ஸ் குளோப்கே, போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் பிரதமர் அடெனவரின் அலுவலகத்துக்கே தலைமை அதிகாரியாகப் பத்து ஆண்டு இருந்தார். எனக்கு இன்றும் ஆறாத செய்தி இது.

போர்க்காலத்தில் இந்தச் சொற்களுக்குத் திரை எதுவும் தேவைப்படவில்லை. 1942-இல் எஸ்.எஸ். வெளியிட்ட ‘கீழ்மனிதன்’ என்ற படப் புத்தகம் ஜெர்மனில் மட்டும் 40 லட்சம் பிரதிகளுக்குக் கிட்டத்தட்ட அச்சானது. 1943 மார்ச்சில் கியேவில் எரிக் கோஹ் என்ற நாஜி ஆளுநர், நாம் ஹெர்ரன்ஃபோல்க், நம்மில் கடைசித் தொழிலாளியும் இங்குள்ள மக்களைவிட ஆயிரம் மடங்கு மதிப்புள்ளவன் என்று பேசினார். அந்தப் பேச்சு பிறகு நாஜித் தலைவர்கள் மீதான நூரம்பர்க் விசாரணையில் ஆவணமாக வைக்கப்பட்டது. உலகம் முழுக்க அந்தச் சொல் பரவ விசாரணைச் செய்திகளும் ஒரு காரணம்.

நாஜி இனவியலாளர் ஹான்ஸ் குந்தருக்கு 1930-இல் ஜெனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அவருடைய முதல் விரிவுரைக்கு ஹிட்லரே வந்து உட்கார்ந்திருந்தார். அதே ஜெனாவில் 2019-இல் ஜெர்மன் விலங்கியலாளர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இனம் என்ற கருத்து இனவெறியின் விளைவு, இனவெறிக்கு முன்பே இருந்த ஒன்றல்ல என்றது அது. 1949-இல் இயற்றிய ஜெர்மன் அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவோ, இனத்தின் பேரால் எவருக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ‘ராஸ்ஸ’ என்ற அதே சொல்லால். இல்லாத ஒன்றை இருப்பதுபோல அரசியல் சட்டமே பேசலாமா, சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. பிராண்டன்பர்க் மாநிலம் 2013-இல் தன் சட்டத்திலிருந்து எடுத்தும்விட்டது. ஜெர்மன் யூதர்களின் மத்தியக் குழு இதற்கு உடன்படவில்லை. அந்தச் சொல்லின் பேரால்தான் எங்கள் மக்கள் கொல்லப்பட்டார்கள், எதிலிருந்து பாதுகாப்பு என்பது சட்டத்தில் தெரிய வேண்டும் என்பது அவர்கள் பக்கம். 2024-இல் கூட்டணி அரசு திருத்தத்தைக் கைவிட்டது. சொல் அந்தப் பிரிவில் அப்படியே இருக்கிறது.